சென்னைல ஆட்டோ, கேப் டிரைவருக்கு டிப்ஸ்: பல வருஷம் போய் வந்த அனுபவத்துல சொல்றேன்

சொந்த வண்டி கிடையாது, வீடு வேளச்சேரி, ஆபீஸ் ஓஎம்ஆர்ல, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலேருந்து பிசியோதெரபிக்கு வேற அடிக்கடி கூட்டிட்டு போகணும், அதனால ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி எல்லாமே போன்ல இருக்கு, எது சீக்கிரம் கிடைக்குதோ அதுல ஏறிடுவேன். எந்த ஆப் பெஸ்ட்டுன்னு எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் டிப்ஸ் பத்தி மட்டும் எழுதுறேன், ஏன்னா ஆபீஸ்ல புதுசா சென்னைக்கு வர்ற பசங்க அத்தனை பேரும் கேக்குற கேள்வி இது, "அக்கா, டிரைவருக்கு எக்ஸ்ட்ரா கொடுக்கணுமா, கொடுத்தா எவ்வளவு?"

முதல் விஷயம், வண்டி வர்றதுக்கு முன்னாடி கொடுக்குற காச நான் டிப்ஸ் கணக்குலயே சேக்க மாட்டேன். அது வாடகை.

புரியலன்னா சாயங்காலம் ஆறரை மணிக்கு லேசா தூறல் போடும்போது துரைப்பாக்கத்துல நின்னு ஆட்டோ புக் பண்ணி பாருங்க. ஆப் தேடிட்டே இருக்கும், கிடைக்காது, உடனே கீழ 10, 20, 30ன்னு பட்டன் வரும், இத போட்டா டிரைவர் ஒத்துக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லும். நாம 30 போடுவோம், பக்கத்துல நிக்கிறவர் 50 போடுவார், வண்டி அவருக்கு போயிடும். இதுல யாரு யாருக்கு என்ன நன்றி சொன்னாங்க? மெட்ரோ வேலைல பாதி ரோடு அடைச்சு கிடக்கிற நேரத்துல ஏலம் நடக்குது, அவ்வளவுதான். 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி இதப்பத்தி பேசினார், டிப்ஸ்ங்கறது சேவை முடிஞ்சப்புறம் பாராட்டா கொடுக்குறது, முன்னாடியே கேக்குறது நெறியில்லாத வேலைன்னு, ஊபருக்கு நோட்டீஸும் போச்சு. அதே வருஷம் டிசம்பர்ல மத்திய அரசோட அக்ரிகேட்டர் (ஓலா, ஊபர் மாதிரி ஆப் கம்பெனிங்க) வழிகாட்டுதல்ல திருத்தம் கொண்டு வந்தாங்க, பயணம் முடிஞ்ச பிறகுதான் டிப்ஸ் ஆப்ஷன் காட்டணும், புக் பண்ணும்போது காட்டக்கூடாது, அந்த காசு பிடித்தம் இல்லாம முழுசா டிரைவருக்கு போகணும்னு. நான் இத மனசார வரவேற்கிறேன். ஆனா வழிகாட்டுதல்னா மாநில அரசு எடுத்து நடைமுறைப்படுத்தினாத்தான் ரோட்டுக்கு வரும்.

இதுக்காக டிரைவர் மேல கோவப்படுறவங்கள பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கும். தமிழ்நாட்டுல ஆட்டோ மீட்டர் கட்டணத்த அரசு நிர்ணயம் பண்ணது 2013 ஆகஸ்ட்ல. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபா, ராத்திரி 11லேருந்து காலைல 5 வரைக்கும் பாதி கூட. அப்போ பெட்ரோல் 75 ரூபா பக்கம் இருந்துச்சு, இப்போ 100ஐ தாண்டி எத்தனையோ நாளாச்சு. அந்த ரேட்ல எட்டு கிலோமீட்டர் போனா சரியா 100 ரூபாகிட்ட வரும். 2025 பிப்ரவரில ஆட்டோ டிரைவர் சங்கங்களே ஒரு ரேட்டு அறிவிச்சாங்க, முதல் 1.8க்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18, அதுல இதே எட்டு கிலோமீட்டர் 160 ரூபாய்க்கு கொஞ்சம் மேல வரும், அரசு அத ஏத்துக்கல. இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுலதான் தினமும் நாமளும் டிரைவரும் சண்டை போட்டுட்டு இருக்கோம். வண்டில ஏறி உக்காந்ததும் "பாத்து போட்டு குடுங்கம்மா"ன்னு சொல்றாரே, அது அந்த 60 ரூபாயதான் கேக்குறாரு. பேராசைன்னு நினைக்காதீங்க. பாதி பேர் வாடகை வண்டி ஓட்டுறாங்க, ஓனருக்கு நாள் வாடகை கட்டிட்டு வண்டிக்கு கேஸ் நிரப்பிட்டு மிஞ்சுறதுதான் வீட்டுக்கு, சொந்த வண்டின்னா மாசா மாசம் டியூ. அப்புறம் பிக்கப்புக்கு மூணு கிலோமீட்டர் காலியா ஓட்டிட்டு வர்றாங்க பாருங்க, அந்த தூரத்துக்கு மீட்டர்ல ஒண்ணும் கிடையாது.

அதனால போன் பண்ணி "மேடம் 50 ரூபா சேத்து தரீங்களா"ன்னு கேட்டா நான் காரணம் கேப்பேன். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு ராத்திரி போறோம்னா ரிட்டர்ன் சவாரி கிடைக்காதுன்னு சொல்றது பெரும்பாலும் உண்மை, சரின்னு ஒத்துக்குவேன், ஒத்துக்கிட்டா இறங்கும்போது மறுபேச்சு கிடையாது. வேளச்சேரிலேருந்து பெருங்குடிக்கு காலைல ஒன்பது மணிக்கு கேட்டா, அங்க சவாரிக்கு பஞ்சமே இல்ல, வேண்டாம்ணா நீங்க கேன்சல் பண்ணிக்கோங்கன்னு மரியாதையா சொல்லிடுவேன். ரெண்டுமே பேரம்தான், டிப்ஸ் கணக்கு தனி.

சரி, நிஜ டிப்ஸுக்கு வரேன்.

முன்னாடியெல்லாம் இது தானா நடந்துட்டு இருந்துச்சு. 87 ரூபா ஆச்சுன்னா நூறு ரூபா நோட்ட நீட்டி "வச்சுக்கோங்கண்ணா"ன்னு இறங்கி போயிடுவோம், யாரும் அத டிப்ஸ்னு கூட நினைச்சதில்ல. ஜிபே, போன்பே வந்ததுக்கப்புறம் 87 ரூபான்னா 87 ரூபா, பைசா சுத்தமா அனுப்பிடறோம், டிரைவர் கைக்கு வந்துட்டு இருந்த அந்த பத்து பன்னிரெண்டு ரூபா சத்தமே இல்லாம நின்னு போச்சு. ஒரு நாளைக்கு பதினஞ்சு சவாரி ஓட்டுறவருக்கு அது சாப்பாட்டு காசு, நாம யாரும் வேணும்னு நிறுத்தல, ஆனா நின்னுடுச்சு. நான் பண்றது ரொம்ப சிம்பிள், ஸ்கேன் பண்ணிட்டு 87க்கு பதிலா 100ன்னு அடிப்பேன், 142ன்னா 150, 187ன்னா 200. ஸ்பீக்கர் பாக்ஸ் "இருநூறு ரூபாய்"னு சத்தமா சொல்லும்போது அவரே திரும்பி பாப்பாரு. இது எனக்கு எல்லா டிரிப்புக்கும் பழக்கம், நல்லா ஓட்டினாரா சிரிச்சாரான்னு எல்லாம் பாக்கறதில்ல, ரொம்ப மோசமா நடந்துகிட்டா ஒழிய.

இதுக்கு மேல எப்போ கொடுக்கறதுன்னா, அவர் வேலைல சேராத ஒண்ண நமக்காக பண்ணும்போது. அம்மாவ கூட்டிட்டு போகும்போது நான் பாத்தது இதுதான். வாக்கர் மடக்கி வைக்கணும், ஆட்டோல படி உயரம், அம்மாவால கால மடக்கி ஏற முடியாது, வண்டிய நடைபாதை ஒட்டி நிறுத்தினாத்தான் உயரம் சரியா வரும். சில பேர் ரோட்டு நடுவுல நிறுத்திட்டு ஹாரன் அடிப்பாங்க. சில பேர் நாம கேக்காமலே நடைபாதைய ஒட்டி கொண்டு வந்து நிறுத்தி, இறங்கி வந்து, "மெதுவா வாங்கம்மா, அவசரமில்ல"ன்னு கைய பிடிச்சு ஏத்திவிட்டு, பள்ளம் வந்தா முன்னாடியே "அம்மா பிடிச்சுக்கோங்க"ன்னு சொல்லி ஓட்டுவாங்க. ஸ்பீடு பிரேக்கர்ல அவங்க ஸ்லோ பண்ற விதத்துலயே தெரிஞ்சிடும், வீட்ல இதே மாதிரி ஒரு அம்மா இருக்காங்கன்னு. அப்படிப்பட்டவருக்கு 120 ரூபா சவாரிக்கு 50 ரூபா சேத்து கொடுத்துடுவேன், அம்மா கையால கொடுக்க சொல்லுவேன், நான் கொடுத்தா வேண்டாம்னு சொல்றவங்க கூட அம்மா கொடுத்தா வாங்கிக்கறாங்க. வாங்கிக்கும்போது "உடம்ப பாத்துக்கோங்கம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போறாங்க, அம்மாவுக்கு அன்னிக்கு முழுக்க அதே பேச்சுதான்.

மழை இன்னொரு விஷயம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருக்கறவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல எங்க ஏரியா எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு வேணாம், சாதாரண நவம்பர் மழையே போதும், முட்டி வரைக்கும் தண்ணி நின்னுடும். அந்த தண்ணில ஆட்டோவ இறக்கினா சைலன்சர்ல தண்ணி போய் வண்டி நின்னா மெக்கானிக் செலவும் அவருது, அன்னிக்கு வருமானமும் போச்சு. தெரு முனைல "இதுக்கு மேல போகாதுக்கா"ன்னு சொன்னா நான் இறங்கி நடந்துடுவேன், கட்டாயப்படுத்த மாட்டேன். அவரா ஓரமா பாத்து பாத்து ஓட்டி வீட்டு வாசல்ல விட்டாருன்னா நூறு ரூபா கூட கொடுக்குறது எனக்கு அதிகமா தெரியல.

ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கேட் தொறந்து நான் உள்ள போற வரைக்கும் ஹெட்லைட்ட அணைக்காம நிக்கிற டிரைவருங்க நிறைய பேர பாத்திருக்கேன். ஆப்ல அதுக்கு பட்டன் எதுவும் கிடையாது. நான் 30, 40 கொடுப்பேன், ஸ்டாரோட சேத்து "வாசல்ல நின்னு பாத்துட்டு போனார்"னு கமெண்ட்டும் போடுவேன். கமெண்ட்ட பாக்குறாங்களான்னு ஒரு கேப் டிரைவர் அண்ணாகிட்ட கேட்டேன், வண்டிய நிறுத்தி போன்ல எடுத்து அவருக்கு வந்த பழைய கமெண்ட்ட எல்லாம் காட்டினார்.

பர்சன்டேஜ் கணக்கு இங்க சரிப்படாது. அமெரிக்கால வேற பழக்கம், நியூயார்க் டாக்ஸில கார்டு தேய்ச்சா ஸ்கிரீனே 20, 25, 30 சதவீதம்னு காட்டும், அங்கேருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க இங்கயும் அதே கணக்க போடுறாங்க. 60 ரூபா சவாரில 20 சதவீதம் 12 ரூபா, ஏர்போர்ட் கேப்ல 700க்கு 140. ஆனா 60 ரூபா சவாரில அம்மாவ ஏத்தி இறக்கினவரோட உழைப்புதான் பெருசு. பில்ல பாக்காதீங்க, அவர் என்ன செஞ்சாருன்னு பாருங்க. பெரிய பெட்டிய டிக்கில ஏத்தி இறக்கினா பெட்டிக்கு 20 ரூபான்னு வச்சுக்கலாம், ஏசி போட சொன்னா முகம் சுளிக்காம போட்டா அத நான் கணக்குல எடுக்கறதில்ல, அது ஏற்கனவே வாடகைல இருக்கு. ஷேர் ஆட்டோவுக்கு டிப்ஸ் பழக்கமே கிடையாது. பைக் டாக்ஸில 43 ரூபான்னா 50, மழைன்னா 60.

ஆப்ல போடலாமா கைல கொடுக்கலாமா? கைல, இல்லன்னா நேரா அவர் யுபிஐக்கு. ஆட்டோல இப்போ பெரும்பாலும் ஆப் கம்பெனி நாள் சந்தா மாதிரி வாங்கிட்டு வாடகைய நேரா டிரைவர்கிட்டயே கொடுக்க சொல்லிடுது, நம்ம யாத்ரி, ராபிடோ ஏற்கனவே அப்படித்தான், ஊபர் ஆட்டோவும் 2025 பிப்ரவரில மாறிடுச்சு, அதனால அங்க குழப்பமே இல்ல. கேப்ல கார்டோ வாலட்டோ போட்டிருந்தா ஆப் வழியா கொடுக்கலாம், ஆனா அது எந்த பயணி எதுக்கு கொடுத்தாங்கன்னு தெரியாம மொத்த கணக்குல போய் சேருதுன்னு டிரைவருங்க சொல்றாங்க, கைல வாங்கினா அன்னிக்கு டீசலுக்கு ஆகும். ஒரு ஆப்ல நான் முந்தின டிரிப்புக்கு போட்ட டிப்ஸ் அடுத்த டிரிப்லயும் தானா டிக் ஆகி வந்துச்சு, அதனால பே பண்றதுக்கு முன்னாடி பில்ல ஒரு தடவை விரிச்சு பாருங்க.

வெளியூர் டிரிப்புக்கு தனி நியாயம் இருக்கு. திருவண்ணாமலை, காஞ்சிபுரம்னு கேப் எடுத்தா டிரைவர் பேட்டா பில்லுலயே வரும், ஒரு நாளைக்கு 300லேருந்து 500 வரைக்கும். பேட்டா அவரோட சாப்பாட்டு செலவுக்குன்னு வச்சது, கொடுத்தாச்சுங்கறதால டிப்ஸ் முடிஞ்சதா அர்த்தம் இல்ல. அதைவிட முக்கியம் நாம சாப்பிட நிறுத்துற இடத்துல அவரையும் கூப்பிடறது, ஹோட்டல்ல நாம மட்டும் ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிட்டு வந்து "கிளம்பலாமா"ன்னு கேக்குறது ரொம்ப தப்பு. ராத்திரி தங்குற மாதிரி இருந்தா அவர் எங்க படுப்பாருன்னு புக் பண்ணும்போதே லாட்ஜ்ல கேளுங்க, டிரைவருக்கு ரூம் இருக்கான்னு. சீட்ட சாய்ச்சுட்டு கொசுக்கடில தூங்கினவர் காலைல நம்மள ஹைவேல ஓட்டிட்டு வரப்போறாரு. திரும்பி வந்து இறங்கும்போது ஒரு நாளைக்கு 200 ரூபான்னு எங்க வீட்ல கொடுக்கறோம், கூட வந்தவங்க எல்லாரும் பிரிச்சு போட்டா யாருக்கும் பாரமில்ல.

எதுக்கு கொடுக்கவே கூடாதுன்னும் ஒண்ணு இருக்கு. "சீக்கிரம் போங்கண்ணா, எக்ஸ்ட்ரா தரேன்"னு சொல்லாதீங்க. ரயில் பிடிக்கணும்னாலும் சொல்லாதீங்க. ராங் சைடுல போக, சிக்னல தாண்ட காசு கொடுத்து தூண்டுறோம், போலீஸ் பிடிச்சா ஃபைன் அவருக்கு, அடிபட்டா ரெண்டு பேருக்கும். எனக்கு இதுல மட்டும் ரொம்ப கோவம் வரும், கூட வர்ற ஃப்ரெண்ட்ஸ் சொன்னாலும் அங்கயே தடுத்துடுவேன். அதே மாதிரி கேன்சல் பண்ணிட்டு ஆப்ல காட்டாம போலாம்னு சொல்றவர்கிட்ட நீங்க தனியா போற ராத்திரில ஒத்துக்காதீங்க, எவ்வளவு குறைச்சு சொன்னாலும், டிரிப் ரெக்கார்டுல இல்லன்னா வீட்ல இருக்கறவங்களுக்கு ஆப் வழியா டிரிப் விவரத்த ஷேர் பண்ண வழியில்ல.

கடைசியா, வண்டில பொருள் விட்டுட்டு வந்தா. குடை, டிபன் பாக்ஸ், போன், எதுவா இருந்தாலும் டிரைவர் திரும்பி கொண்டு வந்து கொடுத்தாருன்னா, அவர் எங்கேருந்து வந்தாருன்னு கேளுங்க. திருவான்மியூர்லேருந்து வேளச்சேரிக்கு வந்திருந்தா அந்த தூரத்துக்கு சவாரி காசு என்ன ஆகுமோ அத முதல்ல கொடுங்க, அந்த நேரத்துல வேற ஒரு சவாரிய விட்டுட்டு வந்திருக்காரு. அதுக்கு மேல உங்க மனசுப்படி. வேண்டாம்னு சொல்லுவாங்க, நிறைய பேர் சொல்றாங்க, அப்போ "சவாரி காசாவது வாங்கிக்கோங்கண்ணா"ன்னு சொல்லி கைல வச்சுடுங்க.