வீல் ஆர்ச் கழுவ 380 வெள்ளி குடுத்து ஏமாந்தேன், பாத்துக்கோங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். சிங்கப்பூர் காசு 380 வெள்ளி. கடை பேர் போடல, போட்டா அது வேற வம்பு. இண்டஸ்ட்ரியல் பில்டிங் மாடில இருக்குற ஒரு கார் குரூமிங் கடை, காரைக் கழுவி மெருகேத்துற இடம், அவ்ளோதான்.

ஸ்கூல் லீவுக்கு மலேசியால கேமரன் மலைக்கு வண்டில போனோம், அங்க நல்ல மழை, வீல் ஆர்ச், அதான் டயருக்கு மேல இருக்குற குழி, முழுக்க செம்மண். என் கார்ல அந்த இடத்துல பிளாஸ்டிக் கிடையாது, கார்ப்பெட் மாதிரி ஃபெல்ட் துணி, ரோட்டுச் சத்தம் உள்ள வராம இருக்கத்தான் வைக்கிறாங்க. பிளாஸ்டிக்னா தண்ணி அடிச்சா போயிடும், இது மண்ணை உறிஞ்சி வச்சுக்குது. வீட்டு புளோக் கார்பார்க்ல நாலு வாளி ஊத்தியும் செகப்பாவே வழிஞ்சுது.

கடைல அந்த ஆளு குனிஞ்சு ஒரு பார்வைதான் பாத்தாரு. "அண்ணே இது ஃபெல்ட்டுண்ணே, ஸ்டீம் போட்டு உறிஞ்சி எடுக்கணும்." நான் வாயே திறக்கல, அவரே சொன்னாரு பாருங்க, அங்கதான் விழுந்தேன். நம்ம தமிழ் ஆளு, பொண்ணுக்கு மைலோ பாக்கெட் வேற குடுத்தாரு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 380 வெள்ளிய பேநௌல (போன்லயே பேங்க் காசு அனுப்புறது) அனுப்பிட்டேன், முட்டாள்.

சாயங்காலம் பாத்தா மினுமினுன்னு கறுப்பு, மாமனாருக்கு போட்டோ எல்லாம் அனுப்பினேன். நாலு நாள்ல ஒரு மழை, கைய வச்சா பிசுபிசு. டயருக்கு அடிக்கிற ஷைனை மண்ணு மேலயே அடிச்சு மூடிருக்காங்க, இப்ப ரோட்டுத் தூசி பூரா அதுல ஒட்டிக்குது. தண்ணி பீச்சுற ஜெட்டைக் கிட்ட வச்சு அடிச்சதுல ஓரமெல்லாம் பழைய துண்டு மாதிரி நார் நாரா தொங்குது, ரெண்டு கிளிப்பக் காணோம், ஸ்டியரிங் ஃபுல்லா திருப்புனா டயர்ல உரசுற சத்தம்.

போன் போட்டா "மழைத் தண்ணிண்ணே, காஞ்சா சரியாயிடும்". அப்புறம் "பாஸ் ஜோகூர் போயிருக்காரு". மூணாவது தடவ "கொண்டு வாங்க, மறுபடி பண்ணித் தரோம், 120 வெள்ளிதான்". தான்! அதுக்கப்புறம் புளூ டிக் மட்டும். நடுவுல ஒரு மெசேஜ், அஞ்சு ஸ்டார் போடச் சொல்லி.

ஸ்மால் கிளெய்ம்ஸ், அதான் சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்டு, அங்க போகலாம், 5,000 வெள்ளிக்குள்ளன்னா ஃபீஸ் 10 வெள்ளிதான். ஆனா ரசீதுல "கிளீனிங்"னு ஒரே வார்த்தை, முன்னாடி எடுத்த போட்டோவும் எங்கிட்ட இல்ல. என்னத்த காட்டுறது?

எப்படிக் கழுவணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. துணியா பிளாஸ்டிக்கான்னு மொதல்ல தடவிப் பாருங்க. துணின்னா ஷைன், எண்ணெய் எதுவும் அடிக்க விடாதீங்க. ஜெட்டைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க, பிரஷ் மெதுவானதா இருக்கணும். காஞ்ச ஃபெல்ட் மங்கலாத்தான் இருக்கும், பளபளன்னா எதையோ பூசிருக்காங்கன்னு அர்த்தம். காசு கடைசில, ரசீதுல என்ன வேலைன்னு எழுதி வாங்கிட்டு.

மீதி அப்புறம். கீழ போய் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு அந்தப் பிசுபிசுப்பு கொஞ்சமாவது வருதான்னு பாக்கணும்.