சேலத்திலிருந்து வானம் பார்க்க: காவலூரா, கொடைக்கானலா, நம்ம ஏற்காடா?

பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்ட எங்கே போகலாம் என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் கொடைக்கானல் என்றுதான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் காவலூர் வானாய்வகம்.

கொடைக்கானல் ஆய்வகம் முதன்மையாகச் சூரியனுக்கானது. 1899-ல் தொடங்கியது, சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான். எப்படியும் கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள். நட்சத்திரத்துக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது வீண்.

காவலூர் ஜவ்வாது மலையில் 725 மீட்டரில்தான் இருக்கிறது, ஏற்காட்டின் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் சுற்றிலும் காடு, நல்ல இருட்டு. வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம் இது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டதில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1986-ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பகலில் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்க முடியாது, அது ஆராய்ச்சிக்கு. மாலையில் சிறிய தொலைநோக்கியில்தான் காட்டுவார்கள், அதுவே போதும். சனியின் வளையத்தைப் பார்த்த பிள்ளைகள், யாராவது படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார்கள்!

பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான், கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகப் போகலாம், இரவில் திரும்ப வேண்டும் என்பதால் சொந்த வண்டி நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை மேகத் தொல்லை குறைவு. பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், நிலா வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கிவிடும். வளர்பிறை அரைநிலா என்றால் நிலாவின் பள்ளங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும்.

சரி, ஏற்காடு? லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தின் விளக்குகள் அழகுதான், வானத்துக்கு அதுதான் பிரச்சனை. ஊர் வெளிச்சம் தெற்கே எழும்புகிறது, அகத்திய நட்சத்திரமும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டமும் இருப்பதும் அதே பக்கம். அதனால் நகரம் மலைக்குப் பின்னால் மறையும் வடபக்கமாகத் தங்க இடம் பிடியுங்கள். மொட்டை மாடி விளக்கை அணைக்கச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுத்து, ஒரு 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரில் பாருங்கள்: கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், கையை அசைக்காமல் பிடித்தால் வியாழனின் நிலாக்கள்கூடத் தெரியும். ராத்திரியில் காட்டுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள், காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது.

பைனாகுலர் இல்லாத வீடு என்றால் காசு செலவழித்து வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை காவலூர் போய்வாருங்கள், பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.