தாராக் கொட்டில் கட்டித் தருவதாக வருபவர்களுக்கு முற்பணம் கொடுக்குமுன்

வன்னியில் தாரா (வாத்து) வளர்ப்பதற்கென்று காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குக் கொட்டில் கட்டித் தந்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. விடயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது. அவர் எங்களுக்குச் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். அதே வேலையை இப்போது ஒட்டுசுட்டான் பக்கத்திலும் செய்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டதனால், எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

எங்கள் வீடு விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து சிறிது உள்ளே இருக்கிறது. சென்ற ஆண்டு ஆவணியில், சீட்டுக் காசோடு என் சங்கிலியை அடகு வைத்த காசையும் சேர்த்து, கொட்டிலுக்கும் காக்கி கம்பெல் இனத்துத் தாராக்குஞ்சுகள் 200க்குமாக 4 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா கொடுத்தோம். முழுப் பணத்துக்கும் எங்களிடம் இருப்பது "கொட்டில் வேலை" என்று மட்டும் எழுதிய இரண்டு பற்றுச்சீட்டுகள்தான். நீள அகலம் என்ன, தரை எப்படி அமையும், தண்ணீர் எங்கே ஓடும், குஞ்சுகள் செத்தால் யார் பொறுப்பு என்பவற்றைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்காதது எங்கள் பிழை.

கட்டி முடித்தபோது கொட்டில் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. 16 அடி அகலம், 25 அடி நீளம், மேலே தகரம், நரி நாய் வராது என்று சொல்லி நான்கு பக்கமும் நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்துக்கு அடைத்த தகரம், உள்ளே வழுவழுப்பான சீமெந்துத் தரை, அதன்மேல் உமி, நடுவில் தாராக்கள் குளிப்பதற்கென்று ஒரு சீமெந்துத் தொட்டி. "வெளியில விடத் தேவையில்லை அக்கா, எல்லாம் உள்ளுக்கே இருக்கு" என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்த எல்லாமும் உள்ளே இருந்ததுதான் கேடு என்பது எனக்கு அப்போது தெரியாது.

தாராவைப் பற்றிக் கொட்டில் கட்டுபவர் முதலில் தெரிந்திருக்க வேண்டியது தண்ணீர். தாரா தான் தின்னும் தீனின் நிறையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தண்ணீர் குடிக்கும். அதன் எச்சத்தில் 90 வீதம் தண்ணீர்தான். தீனை வாயில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகும், அலகை அலம்பும், தலையை உதறும். கோழிக்கு மூன்று மாதம் தாங்கும் உமி, தாராவின் கீழ் ஒரு கிழமையில் சேறாகிவிடும். ஆகவே தண்ணீர் இருக்கும் இடமும் தாரா படுக்கும் இடமும் வேறுவேறாக இருக்க வேண்டும். தண்ணீர் வைக்கும் இடத்தின் கீழே வலையோ சட்டமோ போட்டு, சிந்துவது வெளியே ஓட வழி விட வேண்டும். தரையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். எங்கள் தரையில் சாய்வே இல்லை. தொட்டியிலோ தண்ணீரை வெளியே விடுவதற்கு ஒரு துவாரம்கூட இல்லை. வாளியால் அள்ளித்தான் இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீரும் கொட்டிலின் வாசலிலேயே தேங்கி நின்றது.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் நிரப்பிய தண்ணீர் மத்தியானத்துக்குள் கலங்கிவிடும். மூன்றாம் நாள் பச்சையாகி, மேலே நுரையும் இறகும் மிதக்கும். தாராக்கள் அதிலேயே நின்று எச்சமிட்டு, அதையே குடித்தன. பக்கத்தில் வைத்திருந்த நல்ல தண்ணீரை விட அதைத்தான் அவை விரும்பிக் குடித்தன. ஒரு தாராவின் வயிற்றில் இருக்கும் கிருமி மற்ற 199 தாராக்களின் வயிற்றுக்கும் போய்ச் சேர அதைவிட நல்ல வழியை யாரும் கட்டிக் கொடுக்க முடியாது.

ஐப்பசியில் மாரி தொடங்கியது. காற்றுக்கென்று அவர் விட்டிருந்த ஒரே திறப்பு வடகிழக்குப் பக்கம். வாடைக்காற்றோடு வந்த மழை நேராக உள்ளே அடித்ததால் அதையும் பொலித்தீனால் மூடும்படி தொலைபேசியில் சொன்னார், மூடினோம். கார்த்திகை நடுவில் சில தாராக்கள் பச்சையும் வெள்ளையுமாகக் கழியத் தொடங்கின. வயிற்றின் கீழ் இறகு ஒட்டி, அழுக்கேறி, தீனுக்கு வராமல் மூலையில் நின்றன. அவருக்குச் சொன்னோம். "பயப்படாதீங்கோ அக்கா, மாரிக்கு எல்லாத் தாராவும் கழியும்" என்று சொல்லி, பெயரோ திகதியோ இல்லாத பொலித்தீன் பையில் மஞ்சள் நிறத் தூள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு பை 3,500 ரூபா. தண்ணீரில் கலந்து கொடுத்தால் இரண்டு நாள் குறைந்ததுபோல இருக்கும். பிறகு முன்னையதை விட மோசமாகும். நான்கு முறை வாங்கினோம். மார்கழி பிறக்குமுன் 71 தாராக்கள் செத்துப்போயின. ஐந்தாம் முறை அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அதன் பிறகுதான் அரச கால்நடை வைத்தியரிடம் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டும். அவர் நேரில் வந்தார். கொட்டிலுக்குள் நுழைந்ததும் தாராக்களைப் பார்க்கவில்லை. என்னைத் தரையோடு குந்தச் சொன்னார். "தாராட தலை நிக்கிற உயரத்தில ஒரு நிமிசம் இருந்து பாருங்கோ அம்மா" என்றார். நின்றபடி நான் ஒவ்வொரு நாளும் போய்வந்த அதே கொட்டில்தான். குந்திய அரை நிமிடத்திலேயே கண் எரிந்து தண்ணீர் வந்தது, தொண்டை கரகரத்தது. நனைந்த உமியில் எச்சம் அழுகும்போது எழும் அமோனியா அது. ஐந்தடித் தகரம் அதை வெளியே போக விடாமல் கீழேயே தேக்கி வைத்திருந்தது. என்னால் அரை நிமிடம் தாங்க முடியாத காற்றை அந்தச் சீவன்கள் இரவும் பகலும் இரண்டு மாதமாகச் சுவாசித்திருக்கின்றன. அன்று எழுந்து வெளியே வந்தபோது செத்த தாராக்களை விட உயிரோடு நின்றவற்றைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காலையில் செத்திருந்த ஒன்றை உரப்பையின்மேல் வைத்து அவர் அறுத்துக் காட்டினார். ஈரல் ஓரளவு பரவாயில்லாமல் இருந்தது. குடல் அப்படி இல்லை. வெளியிலிருந்தே சிவந்து வீங்கியிருந்தது. அதைக் கத்தரியால் நீளமாக வெட்டி விரித்தபோது, உள்ளே தீன் இல்லை. சளிபோன்ற ஒன்றும், இரத்தப் புள்ளிகளும், வழித்தெடுத்ததுபோல மெலிந்த சுவரும்தான் இருந்தன. தாராப் பிளேக் என்னும் வைரஸ் நோயின் அடையாளங்கள் தெரியவில்லை என்றும், கிருமி நிறைந்த தரையும் தண்ணீரும் கொண்டுவந்த குடலழற்சி என்றும் சொன்னார்.

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். குடலின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சடைமுளைகள் நாற்றுமேடைபோல நெருக்கமாக நிற்கின்றன. தின்ற தீனின் சத்தை உடம்புக்குள் எடுப்பவை அவைதான். அவற்றோடு சேர்ந்து நல்ல பக்டீரியாக்களும் அங்கே குடியிருக்கின்றன. கெட்டவை இடம்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். நனைந்த உமியைக் கிளறித் தின்னும் தாராவின் வயிற்றுக்குள் ஈகோலை, சல்மனெல்லா, குளொஸ்ரிடியம் போன்ற கெட்ட பக்டீரியாக்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால், நல்லவற்றால் ஈடுகொடுக்க முடியாது. நெருக்கமும் வெக்கையும் அமோனியாவும் உடம்பை ஏற்கெனவே தளர்த்தியிருக்கும். குடலின் காவலும் அதோடு தளரும். சடைமுளைகள் குட்டையாகி உதிர்ந்தபின் எவ்வளவு தீன் போட்டாலும் அது கழிச்சலாகத்தான் வெளியே வரும். கழிச்சல் தரையை இன்னும் நனைக்கும். நனைந்த தரை இன்னும் கழிச்சலைக் கொடுக்கும்.

எங்களுக்குத் தந்த தூளின் மணத்தையும் மஞ்சள் நிறத்தையும் வைத்தியர் பார்த்துவிட்டு, அது நுண்ணுயிர்க்கொல்லியாக இருக்கக்கூடும் என்றார். அளவு தெரியாமல் கொடுக்கும்போது அது நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும்; தரை அப்படியே இருந்தால், வெறுமையான அந்தக் குடலில் கெட்டவைதான் முதலில் திரும்பி வந்து குடியேறும். இரண்டு நாள் குறைந்து மூன்றாம் நாள் கூடியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கொட்டில் கட்டியவர் நோயைக் கொட்டிலோடு சேர்த்து விற்றுவிட்டு, அதற்கான மருந்தையும் எங்களுக்கே விற்றிருக்கிறார்.

இடத்தின் கணக்கும் பிழை. வளர்ந்த தாரா ஒன்றுக்கு இரவில் அடைப்பதற்கு மட்டும் 3 முதல் 4 சதுர அடி வேண்டும். 400 சதுர அடியில் தொட்டியும் போக 200 தாராக்களை இரவு பகலாக அடைப்பதற்கு எந்தக் கணக்கும் இடம் கொடுக்காது. தீன் மூட்டைகளை அடுக்கவென்று அவர் ஒதுக்கிய மூலையும் ஒழுகியது. அடியில் இருந்த இரண்டு மூட்டைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சுக்குத் தாராக்குஞ்சைப் போல எளிதில் பலியாகும் பண்ணைப் பறவை வேறில்லை என்று சொல்லலாம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது கண்டுபிடிக்கப்பட்ட நஞ்சு அது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்து வந்தது. அந்த மூட்டைகளை நல்லகாலம் பிரிக்குமுன்னே கண்டோம்.

வைத்தியர் சொன்னபடி தகரத்தை இரண்டடி உயரத்துக்கு மேல் கழற்றிவிட்டு வலை அடித்தோம். வடகிழக்குப் பக்கத்துக்கு மட்டும், மழைக்கு இறக்கி வெயிலுக்குச் சுருட்டும்படி கிடுகுத் தட்டி கட்டினோம். பழைய உமி முழுவதையும் அள்ளித் தூரத்தில் குவித்தோம். தரையைக் கழுவிக் காயவிட்டு, கையில் பிடித்தால் சலசலக்கும் உலர்ந்த உமியை நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு நாளும் மேலே கொஞ்சம் தூவிவருகிறோம். தண்ணீர் இப்போது வெளியே, கிரவலின் மேல், வலைத்தட்டில் வைத்த நீளத் தாழியில் இருக்கிறது. கண்ணும் மூக்கும் கழுவுமளவுக்கு அலகு அமிழ்ந்தால் போதும். பெரும்பாலான முட்டைகளைத் தாரா காலை ஒன்பது மணிக்கு முன்னரே இட்டுவிடுவதால், முட்டையைப் பொறுக்கிய பிறகு அவற்றைத் திறந்துவிடுகிறோம். குறிப்பிட்ட மருந்து ஒன்றை வைத்தியர் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளோடு அதை நிறுத்தினோம். திருத்திய பிறகு 6 தாராக்கள் செத்தன. தை நடுவிலிருந்து ஒன்றும் சாகவில்லை. எச்சம் கட்டியாகி, நடுவில் வெள்ளை தெரிய விழுகிறது. இப்போது காலையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்களிடம் யாராவது கொட்டில் கட்ட வந்தால், அவர் கட்டி ஒரு மாரியாவது கடந்த கொட்டில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய்த் தரையோடு குந்திப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதையும் தரையின் சாய்வையும் தாராவொன்றுக்கு எத்தனை சதுர அடி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெயரில்லாத பையில் வரும் எந்தத் தூளையும் தண்ணீரில் கலக்காதீர்கள். ஏமாந்துவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மத்தியஸ்த சபையில் முதல் தவணைக்கு அவர் வரவில்லை. அடுத்த தவணை வரும்வரை அந்தத் தொட்டியை இடிக்காமல், தண்ணீர் இறைத்துக் காயவிட்டு அப்படியே வைத்திருக்கிறோம். விசுவமடுப் பக்கம் வருபவர்கள் கேட்டு வந்து பார்க்கலாம்.