ஒழுகும் கூரைக்கு மத்தியஸ்த சபை உதவுமா?

வாடகை வீட்டுக் கூரை ஒழுக, வீட்டுக்காரர் "பாப்பம், பாப்பம்" என்றே மாதங்களைக் கடத்தினால், யாழ்ப்பாணத்தில் முதலில் போகவேண்டிய இடம் மத்தியஸ்த சபைதான். வழக்குக்கு முன் இரு தரப்பையும் பேசவைத்து இணக்கம் காணும் இடம் அது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இதைப் பலர் இன்னும் இணக்கசபை என்றே சொல்வார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில் கூடும். எங்கே என்று விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேட்கலாம். தவிசாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். சட்டத்தரணி வந்து பேச முடியாது. பட்டியலிலிருந்து இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிய, அவர்கள் இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். காசில்லாத குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

வெறுங்கையோடு மட்டும் போகக்கூடாது. வீட்டுக்காரர் "ஓடு மாத்தித் தாறன்" என்று ஒப்புக்கொண்டு நாலு ஓடுகளை மட்டும் மாற்றிவிடுவார். கார்த்திகை மழைக்கு மறுபடி ஒழுகும். பழைய ஓட்டு வீடுகளில் குற்றம் பல தடவை ஓட்டில் இருக்காது. ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான சிலாகை கறையான் அரித்துத் தாழ, ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் விலகி, அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கும். விரலால் அழுத்தினால் சிலாகை உள்ளே போகும். ஆகவே தச்சு வேலை தெரிந்தவரைக் கூரையில் ஏற்றி, எத்தனை அடி சிலாகை, எத்தனை ஓடு, முகட்டு ஓட்டுக்கு எவ்வளவு சீமெந்து, கூலி என்ன என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரருக்குப் பதிவுத்தபாலில் போட்ட கடிதத்தின் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, வாடகைப் பற்றுச்சீட்டுகள், ஒழுகும் இடங்களின் படங்கள் எல்லாம் கையில் இருக்கவேண்டும். சபையில் எழுதும் இணக்கத்தில், செய்யும் வேலையும் முடிக்கும் திகதியும் வரட்டும். தவறினால் நீங்களே திருத்திச் செலவை வாடகையில் கழிக்கலாம் என்ற வசனத்தையும் கேட்டு எழுதுவியுங்கள்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. வராத ஆளை இழுத்துவர சபையால் முடியாது. அப்போது கிடைப்பது இணக்கமின்மைச் சான்றிதழ். அதை வைத்து நீதிமன்றம் போகலாம். வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் இன்னும் சிக்கல். வாடகை வாங்க வரும் தம்பியின் கையெழுத்து அண்ணனைக் கட்டாது. தம்பியிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அண்ணன் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா, அதில் திருத்தவேலைக்கு அதிகாரம் உண்டா என்று முதலே பாருங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிலுவையைக் காட்டியே உங்களை வீட்டைவிட்டு எழுப்ப வழக்குப் போடுவார்கள். காசு வாங்க மறுத்தால் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டுச் சீட்டை வையுங்கள்.

மலசலகூடக் குழி நிரம்பி வழிந்தால் சபைக்காகக் காத்திருக்கவேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.