வளைத்த எஃகுக்குள் தங்கிய தகைவு: ஈபிஎஸ்டியா, டெம்மா, அயான் கற்றையா?

ஓசூர் சிப்காட் பக்கம் எஃகை வளைப்பதும் இழுப்பதுமாக இருப்பவர்களுக்கு, சுமையை எடுத்த பிறகும் உள்ளே ஸ்ட்ரெஸ் (தகைவு) தங்கிவிடும் என்பது புதிதில்லை. எக்ஸ்-ரேயில் அளந்தால் ஓர் எண் வந்துவிடும், ஆனால் அது ஏராளமான கிரெய்ன்களின் (உலோகத்துக்குள் உள்ள சிறு படிகத் துகள்களின்) சராசரி. விரிசலோ எங்கோ ஒரு கிரெய்ன் எல்லையில்தான் கிளம்புகிறது. மெட்டலர்ஜி ப்ராஜெக்ட் செய்யும் தம்பி ஒருவர், "அண்ணா, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எந்த முறைக்குப் போகலாம்?" என்று கேட்டார்.

என் ஓட்டு உயர்துல்லிய ஈபிஎஸ்டிக்கு, அதாவது மாதிரியில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்கள் உண்டாக்கும் படத்தை ஆராயும் முறைக்கு. மாதிரியை 70 டிகிரி சாய்த்து எலக்ட்ரான் கற்றையை ஓட்டினால் புள்ளிக்குப் புள்ளி கிகுச்சி பட்டைகள் (படிகத்தின் அணு அடுக்குகளால் உண்டாகும் பட்டைகள்) பதிவாகும். அவற்றை அதே கிரெய்னில் உள்ள ஒரு மேற்கோள் புள்ளியின் படத்தோடு பொருத்திப் பார்க்கும் முறையை 2006இல் வில்கின்சன், மீடன், டிங்லி மூவரும் வெளியிட்டார்கள். பட்டை ஒரு பிக்சலில் சிறு பங்கு நகர்ந்தாலே பிடிபடும், அதாவது திரிபில் (நீளம் மாறும் விகிதத்தில்) பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எஃகின் யங் குணகம் (விறைப்பின் அளவு) ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல், அப்படியானால் சுமார் 20 மெகாபாஸ்கல் வரை பார்க்கலாம். சாதாரண ஈபிஎஸ்டியில் வரும் கேஏஎம் (பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே படிகத் திசை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும்) வண்ணப் படத்தைத் தகைவுப் படம் என்று ரிப்போர்ட்டில் ஒட்டுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது காட்டுவது பிளாஸ்டிக் உருமாற்றத்தின் தடத்தை.

சிக்கல் இரண்டு. மேற்கோள் புள்ளியிலேயே தகைவு இருக்கும், ஆகவே கிடைப்பதெல்லாம் வித்தியாசம்தான். அப்புறம் பாலிஷ்: சிக்னல் மேற்பரப்பின் சில பத்து நானோமீட்டரிலிருந்தே வருகிறது, டைமண்ட் பேஸ்டோடு நிறுத்தினால் நீங்கள் தேய்த்த தேய்ப்பைத்தான் அளப்பீர்கள். கொலாய்டல் சிலிகாவில் பொறுமையாக முடிக்க வேண்டும்.

டெம், அதாவது எலக்ட்ரான்கள் மெல்லிய மாதிரியை ஊடுருவிச் செல்லும் மைக்ராஸ்கோப், வேறு ரகம். அதில் டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறை) கோட்டையே பார்க்கிறோம், அது வில்லாக வளைந்திருக்கும் ஆரத்திலிருந்து அந்த இடத்துத் தகைவைக் கணக்கிடலாம். ஃபெரைட்டில் (எஃகின் மென்மையான படிக நிலையில்) ஆரம் 100 நானோமீட்டர் என்றால் சறுக்குத் தகைவு ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல். அழகான அளவீடு. ஆனால் மாதிரியை 100 நானோமீட்டர் தடிமனுக்கு மெலிக்கும்போதே தகைவின் பெரும்பகுதி தளர்ந்துவிடும், கோடுகளும் நகர்ந்துவிடும். காரணம் புரிய உதவும், எண்ணுக்கு நம்ப முடியாது.

மேற்கோள் இல்லாமல் நேரடி எண் வேண்டுமென்றால் அயான் கற்றையால் சில மைக்ரான் அகலத்தில் வளையம் வெட்டி, நடுத்தூண் எவ்வளவு விரிகிறது, சுருங்குகிறது என்று எஸ்இஎம் (மேற்பரப்பை ஸ்கேன் செய்யும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படங்களில் பார்க்கும் முறைதான். ஆனால் வெட்டிய இடம் அழிந்துவிடும், ஒரு வெட்டுக்கு ஓர் இடம்தான், முழு வரைபடம் கிடைக்காது.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன? லேசாக வளைத்த குறைகார்பன் எஃகுக்கு ஈபிஎஸ்டி. கடினமாக்கிய மார்ட்டென்சைட் (வேகமாகக் குளிர்வித்த எஃகின் கடின நிலை) ஸ்பிரிங் என்றால் பட்டைகள் மங்கிப் போகும், வளையத்துக்குப் போகலாம். பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே மெஷின் நேரம் வாங்கும்போதே எல்லாப் புள்ளிகளின் மூலப் படங்களையும் சேமித்துத் தரச் சொல்லுங்கள். படிகத் திசைத் தரவை மட்டும் வாங்கி வந்தால் அதிலிருந்து தகைவை எடுக்க வழியே இல்லை.