பாடப்புத்தகம் ஏற்றிய ஆறு அங்குல இ-ரீடர்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொறியியல் சேருகிறவர்களும் பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோரும் கவனிக்க வேண்டும். "முதல் வருஷப் புத்தகம் எல்லாம் உள்ளேயே இருக்கு, பை சுமக்க வேண்டாம், கண்ணும் வலிக்காது" என்று சொல்லி ஆறு அங்குல இ-இங்க் ரீடர்களை, அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவிகளை, விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் என்னிடமும் அப்படித்தான் 9,500 ரூபாய் வாங்கினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், அது போதும்.

நான் பகுதிநேரமாக எம்.இ. படிக்கிறேன், வெப்பப் பொறியியல். செங்கல்பட்டு ரயிலில் போகவர ஆகும் நேரம்தான் எனக்குப் படிக்கிற நேரம். கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, சமன்பாடு, அட்டவணை எல்லாம் தெளிவா தெரியுமா?" அவர் உடனே ஒரு தமிழ் நாவலைத் திறந்து காட்டினார். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. ஒரு தட்டு தட்டினால் பெரிதாகிறது, இன்னொரு தட்டில் வரிகள் தானாக ஒழுங்காகின்றன. "பாருங்க அக்கா, பேப்பர் மாதிரியே இல்ல?"

ஆமாம், பேப்பர் மாதிரிதான். இ-இங்க் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்புலம் கொடுத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன. கண்ணுக்குள் விளக்கடிக்காது, வெயிலிலும் தெரியும். நாவல் வாசிக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்று இப்போதும் சொல்வேன். நாவல் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. திரைக்குத் தக்கபடி வரியைக் கருவியே மடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகம் வருவது பிடிஎஃப்பில். அதில் பக்கம் அப்படியே உறைந்திருக்கும். கேட்டது பாடப்புத்தகத்தை, காட்டியது நாவலை. ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் அகலம் சுமார் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. ஏ4 பக்கமோ 21க்கு 29.7. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. 10 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிவிடும். மாத்திரை அட்டையின் பின்னால் அச்சடித்திருப்பார்களே, அந்த மாதிரி.

நீராவி அட்டவணையைத் திறந்தபோதுதான் வயிறு எரிந்தது. 100 டிகிரியில் நிறைவுற்ற நீராவியின் என்தால்பி, அதாவது ஒரு கிலோவில் அடங்கிய வெப்ப ஆற்றலின் அளவு, 2676க்குப் பக்கத்தில் இருக்கும், அதன்பின் ஒரு தசம இலக்கம். அந்தத் தசமப் புள்ளி திரையில் இல்லவே இல்லை. 2676க்கு அடுத்த இலக்கமும் ஒட்டிக்கொண்டு ஐந்திலக்க எண்ணாக நிற்கிறது. சமன்பாடுகளில் எழுத்துக்குக் கீழே வரும் சின்னக் குறியீடுகளில் 1 எது, i எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரைபடங்கள் இன்னும் மோசம். புத்தகம் "சிவப்புக் கோடு லாமினார், நீலக் கோடு டர்புலன்ட்" என்கிறது. கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டும் ஒரே சாம்பல்.

"ஜூம் பண்ணிப் பாருங்க அக்கா" என்றார் கடைக்காரர் போனில். பண்ணினேன். ஒரு வரியைப் படிக்க வலப்பக்கம் தள்ள வேண்டும், அடுத்த வரிக்குத் திரும்ப இடப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளும்போதெல்லாம் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும், பழைய எழுத்தின் நிழல் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். கைபேசியில் விரலால் இழுப்பது போல இது ஓடாது.

சரி, திரை சின்னது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவர்கள் சொன்ன திரையே அது இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கணினியில் பார்த்தேன்: 600க்கு 800 பிக்சல். அது 167 புள்ளித் திரை, பழைய மாடல். 300 புள்ளி உள்ள ஆறு அங்குலத் திரையென்றால் பொதுவாக 1072க்கு 1448 வரும். 4 பாயின்ட் எழுத்துக்கு 167 புள்ளித் திரையில் மேலிருந்து கீழ்வரை கிடைப்பதே ஒன்பது பிக்சல்தான். தசமப் புள்ளிக்கு ஒரு முழுப் பிக்சல்கூட மிஞ்சவில்லை. அதனால்தான் அது காணாமல் போயிருக்கிறது. பெட்டிக்குப் புதுசாக பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது யாரோ பயன்படுத்திய கருவி. முந்தைய உரிமையாளர் வைத்த கருவிப் பெயரை அழிக்கக்கூட இல்லை.

புத்தகங்களின் லட்சணம் தனிக் கதை. எல்லாம் யாரோ நூலகப் பிரதியைக் கோணல்மாணலாக ஸ்கேன் எடுத்தவை. ஒரு பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் தெரிகிறது. ஒன்றில் ஒரு கல்லூரி நூலக முத்திரையே இருக்கிறது. படமாக இருப்பதால் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. திரவ இயக்கவியல் புத்தகம் பாதியில் நின்றுவிட்டது, கடைசி அத்தியாயங்களே இல்லை. திருட்டுப் பிரதியை ஏற்றி அதற்கும் சேர்த்து என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

மின்புத்தகக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் கேலிபர் என்ற மென்பொருளில் போட்டு மாற்றிப் பார்த்தேன். எழுத்துப் பிடிஎஃப் ஒன்றை மாற்றியதில் பின்னத்தின் மேலெண்ணும் கீழெண்ணும் ஒரே வரியில் போய் உட்கார்ந்துகொண்டன. கே-டு-பிடிஎஃப்-ஆப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும். பத்திகளுக்கு அது பரவாயில்லை, ஸ்கேன் பக்கத்திலும் வேலை செய்கிறது. அகலமான அட்டவணையில் திணறிவிட்டது. ஓரங்களை வெட்டி, கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் எழுத்து ஓரளவு பெரிதாகும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று திரையாகப் படிக்கலாம், அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2009இல் அமேசான் 9.7 அங்குலத்தில் கிண்டில் டிஎக்ஸ் கொண்டுவந்து, பிரின்ஸ்டன் உள்ளிட்ட சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடப்புத்தகத்துக்கு மாற்றாகக் கொடுத்துப் பார்த்தது. ஓரத்தில் குறிப்பெழுதுவதும் முன்னும் பின்னும் புரட்டுவதும் கஷ்டமாக இருக்கிறது என்று மாணவர்கள் குறை சொன்னார்கள். அது 9.7 அங்குலம்! உங்களுக்கு இ-இங்க்கிலேயே பாடப் பிடிஎஃப் படித்தாக வேண்டுமென்றால் 10.3 அங்குலம் ஏறத்தாழ ஏ5 அளவு (ஏ4இல் பாதி), 13.3 அங்குலம் ஏறத்தாழ ஏ4 அளவு. விலை எக்கச்சக்கம். சாதாரண டேப்லெட் போதும் என்பது என் அபிப்பிராயம். அட்டவணைகளை மட்டும் அச்சுப் புத்தகமாக வாங்கிவிடுங்கள். இந்தக் கருவியைப் பரீட்சை அறைக்குள் விடமாட்டார்கள்.

கடையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். பில்லில் "இ-ரீடர் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடல் இல்லை, வரிசை எண் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழைய பொருளைப் புதுசு என்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதில்தான் வரும். திருப்பித் தரும் கெடு எதுவும் பில்லில் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

1915இல் பதிந்த பிறகு கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். "அக்கா, வேற மாடல் தரோம், மேல மூவாயிரம் போட்டுக்கோங்க" என்றார்கள். முடியாது என்றேன். அப்புறம் குரல் இறங்கியது: "சரி, பணத்தைப் பத்திப் பேசலாம். ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு எடுத்துட்டு வாங்க." இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரீசெட் செய்தால் அவர்கள் ஏற்றிக் கொடுத்த திருட்டுப் பிரதிகளும் பழைய உரிமையாளரின் பெயரும் சேர்ந்து அழிந்துவிடும். எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இதே மாதிரி "புத்தகத்தோடு" வாங்கியவர்கள் பில், பெட்டி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.