தரங்கம்பாடி ஓட்டு வீடு: உப்புக்காற்று எதைத் தின்றது, எதை விட்டுவைத்தது

தரங்கம்பாடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவந்து நாலைந்து மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. வீட்டைப் புதுப்பித்த கையோடு படம் பிடித்துப் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் படத்தில் பளபளக்கிற சன்னல் கம்பியும் சுவர் விளக்கும் மூன்றாவது கார்த்திகையில் என்ன ஆயின என்று சொல்கிறவர்கள்தான் குறைவு. கடலோரத்தில் வீடு பார்க்கிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதுகிறேன். அழகு, விலை, கம்பெனிப் பெயர் எல்லாம் அப்புறம். எந்தப் பொருளாக இருந்தாலும் உப்பு அதை என்ன செய்யும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

வீடு சிறியது. முன்னால் திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, பின்பக்கம் முந்தைய உரிமையாளர் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் சமையலறையும் குளியலறையும். பழைய பகுதியின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், மேலே பனைமரத்தில் அறுத்த பனங்கை, அதன்மேல் ஓடு தாங்கும் ரீப்பர் சட்டம், சீமை ஓடு. அம்மா, மனைவி, நான் என்று மூன்று பேர், எனக்கு வேலை வீட்டிலிருந்தேதான். வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரித்தோம். ஒன்று, 2004 சுனாமியில் தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறியது என்பது. இங்கே அதைக் கேட்காமல் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். இன்னொன்று சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. கட்டடம் கட்டக்கூடாத பகுதிக்குள் இருந்தாலும், அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே இடத்தில் திரும்பக் கட்டவும் செய்யலாம், ஆனால் தரைப்பரப்பைக் கூட்டக்கூடாது என்கிறது 2019 அறிவிக்கை. அதனால் ஓர் அறை சேர்க்கலாம் என்ற பேச்சை முதலிலேயே விட்டுவிட்டு, இருக்கிறதை ஒழுங்குபடுத்துவது என்று இறங்கினோம்.

பணமும் நாளும் அதிகம் போனது சுவருக்குத்தான். வாங்கும்போதே இடுப்பு உயரம்வரை சிமெண்ட் பூசி, அதற்குமேல் எமல்ஷன் அடித்து, பார்க்க நன்றாகவே இருந்தது. முதல் மழை முடிந்து வெயில் வந்ததும் சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே பெயிண்ட் கொப்புளித்துச் செதில் செதிலாக விழ ஆரம்பித்தது. பெயிண்ட் கடையில் கேட்டால் தரமான பிரைமர், டேம்ப் புரூஃப் கோட்டிங் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். பொறையாறு பக்கத்துக் கொத்தனார் ஒருவர், கோயில் வேலையெல்லாம் பார்த்தவர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார். "ஓதத்த நிறுத்த முடியாது தம்பி. அது வர்ற வழியில விட்டுட்டா சுவரு தப்பிச்சுக்கும். சிமெண்ட்டப் போட்டு அடைச்சா மேல ஏறித்தான் ஆகும்."

அவர் சொன்னது அப்படியே சரி. இங்கே நிலத்தடி ஈரத்தில் உப்பு உண்டு. அந்த ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. வெளியே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாகவே காய்ந்து போய்விடும், உப்பு மட்டும் வெள்ளைப் பொடியாக மேலே பூக்கும். சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற இடமில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கும். சிமெண்டை உளிவைத்துக் கொத்தி எடுத்தபோது பின்னால் இருந்த செங்கல் பல இடத்தில் விரல் பட்டாலே சிவப்பு மாவாகக் கொட்டியது. சிமெண்ட் பூச்சோ கெட்டியாக, பலகை மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாவான கல்லைப் பிடுங்கி வேறு கல் வைத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைப் பூசாமலே காயவிட்டோம். அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பணம் தீர்ந்துபோய் வேலை நின்றுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வெடிக்கும், மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் பூச வேண்டும். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது கொத்தனார் கட்டளை. அந்தச் சூட்டில் மேல்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டுவிடும். பூசிய சுவருக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பதுதான் ரொம்ப நாள் அம்மாவுக்கு வேலை.

இத்தனை மழைக்குப் பிறகு நிலவரம் என்ன என்றால், மேல் சுவர் அப்படியே இருக்கிறது. அடியில் இரண்டடி உயரத்துக்கு ஒவ்வொரு தை, மாசியிலும் உப்பு பூக்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டிவிடுகிறோம். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். அந்த இரண்டடியை மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை கொத்தி எடுத்துப் புதுசாகப் பூச வேண்டிவரும், அது வீட்டுச் செலவில் சேர்ந்ததுதான். 1620-இல் டேனிஷ்காரர்கள் இங்கே கட்டத் தொடங்கிய கோட்டையும் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இதே செங்கல், இதே சுண்ணாம்பில் நிற்பதைக் காட்டி, அந்தக் காலத்துக் கட்டடம் அசையாது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. யாரோ அவ்வப்போது பூசிப் பார்த்துக்கொள்வதால் நிற்கின்றன, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. சுண்ணாம்பு வேலைக்குக் கூலி சிமெண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தெரிந்த ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். சுண்ணாம்பு வெள்ளை அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஆணியும் அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் கூடத்தைச் சுற்றிச் சுவர் மேல்மட்டத்தில் ஒரு மரப்பட்டி ஓட்டி, படங்களையெல்லாம் அதிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தோம். மழையில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி தெரிகிறது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது, மனைவிக்கு இன்னமும் திட்டுத்திட்டாகத்தான் தெரிகிறதாம்.

சமையலறை கான்கிரீட் தளம் வேறு ரகம். கூரையின் அடிப்பக்கம் ஒரு கோடாக விரிந்து, பிறகு ஒரு பெரிய சில்லு அடுப்படியிலேயே விழுந்தது. மேலே பார்த்தால் துருப்பிடித்து ஊதிய கம்பி. இரும்பு துருவானால் பருமன் பல மடங்காகும், அதைத் தாங்க முடியாமல்தான் கான்கிரீட் வெடிக்கிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில், உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கே உடைந்த இடத்தில் கம்பிக்கு மேலே ஒரு விரல் கனம்கூட இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தார்களோ. தளர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவை வைத்து மூடியிருக்கிறோம். இப்போதைக்கு நிற்கிறது. ஆனால் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, உப்பு உள்ளே போன கான்கிரீட்டுக்கு இதெல்லாம் தவணை வாங்குவதுதான், ஒருநாள் மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். கடலோரத்தில் மலிவாகக் கட்டிய கான்கிரீட் வீடா, பழைய ஓட்டு வீடா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஓட்டு வீடு என்பேன்.

உலோகத்துக்கு வருவோம். "எஸ்.எஸ். துருப்பிடிக்காது சார்" என்று கடையில் சொல்வதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 202, 304, 316 என்று தரம் இருக்கிறது. திண்ணைக் கைப்பிடி 202, முந்தையவர் போட்டது, நாங்கள் வரும்போதே தேநீர்க் கறை மாதிரி பழுப்புப் புள்ளி. நாங்கள் போட்ட 304 கம்பியில் கிழக்குப் பார்த்த பக்கம் மட்டும் புள்ளி வருகிறது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் அடங்கியிருக்கிறது. மாலிப்டினம் கலந்த 316 தான் கடலோரத்துக்கு ஏற்றது, விலை அதிகம், பக்கத்துக் கடைகளில் கிடைப்பதும் அரிது. அதனால் கதவுத் தாழ்ப்பாளுக்கும் திருகுக்கும் மட்டும் சென்னையிலிருந்து வரவழைத்தோம். பொறையாறில் நண்பர் வீட்டில் இதே 304 கம்பி புத்தம்புதுசாக இருக்கிறது. கடலிலிருந்து ஒருசில கிலோமீட்டர் தள்ளிப்போனாலே இவ்வளவு வித்தியாசம்.

யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டம் போட்ட சன்னல் ஒன்று வைத்துப் பார்த்தோம். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. கீலும் உள்ளே இருக்கிற திருகும்தான் போயின. இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு திறக்கும்போது ஒரு கீலின் தலை கையோடு வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் சட்டத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவதற்குப் பதில் கீல் எந்த உலோகம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மரச் சன்னல்களில் இருந்த பித்தளைக் கீல் பச்சை பூத்துக் கிடக்கிறதே தவிர இன்றைக்கும் சுலபமாகத் திறக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு அடைத்துக்கொள்வது தனித் தொல்லை. அதற்காக இழைப்புளி போட்டு நிறைய இழைத்துவிட்டால் சித்திரையில் பல்லி நுழைகிற இடைவெளி விழும். கொசுவலையில் ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்பு வலை ஒரு வருடம் தாங்கவில்லை, ஃபைபர் வலை நன்றாக இருக்கிறது.

ஓட்டுக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். உப்பு ஓட்டை ஒன்றும் செய்வதில்லை, பனங்கையையும் ஒன்றும் செய்யவில்லை, ரீப்பரில் அடித்த இரும்பு ஆணிகள்தான் துருவாகி ஊதி மரத்தைப் பிளந்திருந்தன. அவற்றை எடுத்து எஸ்.எஸ். திருகு போட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது ஓரத்து ஓடுகள்தான் முதலில் கிளம்பின என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அதனால் முகட்டையும் நாலு ஓரத்தையும் மட்டும் காரை வைத்துக் கட்டிவிட்டோம், நடுவில் இருப்பது மாற்றத் தோதாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை ஆள் ஏற்றி உடைந்ததை மாற்றியே ஆக வேண்டும். அதைத் தவிர பூனை ஓடினால் இரண்டு ஓடு நகரும், அவ்வளவுதான்.

மின்சாதனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். எங்களுடையது மேற்குச் சுவரில், மேலே ஒரு சின்னச் சாய்ப்பு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோம், இதுவரை சரியாக ஓடுகிறது. கிழக்கே மாட்டிய பக்கத்து வீட்டில் அலுமினியத் தகடு பொடிப்பொடியாகிவிட்டது. வெளிச்சுவர் ஸ்விட்ச் பாக்ஸ் இரும்பில் வேண்டாம். இரும்பு பீரோவின் அடிப்பாகம் போய்விட்டது, பழைய தேக்கு அலமாரிக்கு மாறிவிட்டோம். கேஸ் அடுப்பில் பித்தளை பர்னர்.

தண்ணீர்தான் இன்னும் முழுசாகத் தீராத பிரச்சினை. போர் தண்ணீர் சித்திரை, வைகாசியில் வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படியும். குடிக்கவும் சமைக்கவும் பேரூராட்சிக் குழாய்த் தண்ணீர். ஓட்டுக் கூரையின் மழைநீரைத் தகரம் இல்லாத, பிவிசி பீலி வழியாகத் தொட்டிக்கு இறக்கியிருக்கிறோம். காற்று கொண்டுவந்து கூரையில் தூவிய உப்பும் தூசியும் முதல் மழையோடு வரும் என்பதால் அதைத் திறந்துவிட்டு, அடுத்த மழையிலிருந்துதான் பிடிப்போம். சன்னல் கம்பி, ஏசி கழுவுவதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

உள் அலங்காரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தரைக்குச் சிவப்புக் காவி, மழைக்காலத்தில் வியர்க்கிறது, வழுக்கவில்லை. சோபா வாங்காமல் கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம் போகும் வழியில் தைக்காலில் பிரம்பு நாற்காலிகளும் கோரைப்பாயும் வாங்கினோம். கார்த்திகையில் பிரம்பில் பச்சையாகப் பூஞ்சணம் படரும், பதற வேண்டியதில்லை, வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்து வெயிலில் போட்டால் போய்விடும். பஞ்சுமெத்தை போட்ட சோபாவில் அதே பூஞ்சணம் உள்ளே இறங்கினால் நாற்றம் போகவே போகாது, உறவினர் ஒருவர் வீட்டில் பார்த்தாயிற்று. புத்தகங்களுக்குத்தான் வழி தெரியவில்லை. சிலிகா ஜெல், வசம்பு எல்லாம் வைத்தும் வாடைக்காற்று மாதங்களில் அட்டை வளைகிறது. தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மயிலாடுதுறையில் தங்கை வீட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

வருகிற பங்குனியில் அந்த யூபிவிசி சன்னலை எடுத்துவிட்டு, பழைய சாமான் கடையில் ஒரு மரச் சன்னல் பார்த்து பித்தளைக் கீலோடு மாட்டலாம் என்று இருக்கிறேன். அதற்குள் சமையலறைத் தளத்தை எடுக்க வேண்டிவந்தால் சன்னல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.